வட்டு எங்கே ஓட வேண்டும்? வீட்டிலேயே சிடி, டிவிடி பதிய ஏற்ற மென்பொருள்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் சிடி, டிவிடி பதிவதற்கு எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது கணினி ஆசிரியருக்கு உரிய தலைப்பு, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நானும் கணினி ஆசிரியர் அல்ல. அறிவியல் பாடம் நடத்துகிற பட்டதாரி ஆசிரியர்தான். வகுப்புக்கு வேண்டும் என்பதால் வீட்டில் இருக்கும் கணினியில் வட்டுகளைப் பதிந்து, பள்ளியில் போட்டுக் காட்டி, பக்கத்துப் பள்ளிகளுக்கும் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பென் டிரைவ் வந்த பிறகு சிடி எதற்கு என்ற கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்விதான். கணினியிலிருந்து கணினிக்குக் கொண்டு போக பென் டிரைவ் போதும். ஆனால் நம்மில் பலருடைய தொடக்கப் பள்ளிகளில் கணினி இல்லை, அல்லது பழுதாகிக் கிடக்கிறது. இருப்பது ஒரு தொலைக்காட்சியும் ஒரு டிவிடி பிளேயரும். பழைய பிளேயராக இருந்தால் பென் டிரைவ் செருக இடமே இருக்காது. பிள்ளைகளின் வீட்டை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சி இருக்கிறது. அதன் பக்கத்தில், படம் பார்க்க வாங்கிய ஒரு டிவிடி பிளேயர் சில வீடுகளில் இருக்கிறது. கணினி இருக்கும் வீடு மிகக் குறைவு. வெற்று சிடி ஒன்றின் விலை குறைவு. நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பென் டிரைவ் கொடுக்க நம்மால் முடியாது. நாற்பது சிடி கொடுக்க முடியும்.

அதில் எதைப் பதிவது? முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் 2012-13 கல்வியாண்டில் வந்தன. பிள்ளைகள் பாடுகிறார்கள், நடிக்கிறார்கள், சோதனை செய்கிறார்கள், சுற்றுப்புறத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள். கையிலிருக்கும் செல்போனிலேயே அவற்றை எடுத்துவிடுகிறோம். எடுத்ததெல்லாம் எங்கே போகிறது? போன் நிரம்பியதும் அழிகிறது. முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டித் தடுமாறிய பிள்ளை, மூன்றாம் பருவத்தில் ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறது. படிக்கத் தெரியாத அம்மாவும் அப்பாவும் அந்தக் குரலை வீட்டுத் தொலைக்காட்சியில் கேட்டால், அது எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாததைச் சொல்லும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளி ஒன்றில் முப்பது பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன் உட்கார வைத்து, ஆசிரியை வட்டைப் போடுகிறார். 'வட்டு இல்லை' என்று திரையில் வருகிறது. எடுத்துத் துடைத்து மறுபடி போடுகிறார். அதே செய்தி. பிள்ளைகள் சலசலக்கிறார்கள். அவ்வளவுதான், அந்த பிளேயர் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்படும். அடுத்த ஆண்டு இருப்புப் பதிவேடு சரிபார்க்கும்போதுதான் வெளியே வரும். அந்த வட்டில் ஒரு கோளாறும் இருந்திருக்காது. கணினிக்கான முறையில் பதிந்த வட்டை பிளேயரில் போட்டிருப்பார்கள். வீணானது ஒரு சிடி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஓர் ஆசிரியையின் முயற்சியும் அதோடு போனது.

ஆகவே நான் சொல்லப் போவதன் சாரம் இதுதான். எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். இந்த வட்டு எங்கே ஓட வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வட்டு நான்கு வகை

கடையில் வாங்கும்போது எல்லா சிடியும் ஒன்றுதான். பதிகிற முறையில்தான் வகை பிரிகிறது.

முதலாவது, தரவு வட்டு. கோப்புகளை அப்படியே சேமிப்பது. வினாத்தாள், படங்கள், பாடநூல் கோப்புகள் போன்றவற்றைக் கணினியில் திறக்க இது ஏற்றது. ஒரு சிடியில் 700 எம்பி கொள்ளும். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும் என்று உறையில் போட்டிருக்கும். கணினியில் பார்த்தால் 4.38 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உறையில் 470 கோடி பைட்டுகளை ஆயிரத்தின் மடங்கில் கணக்கிட்டு எழுதுகிறார்கள். விண்டோஸ் 1024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. எட்டாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது பிள்ளைகளிடம் கொடுக்க நல்ல கணக்கு இது.

இரண்டாவது, ஒலி வட்டு. பள்ளியில் இருக்கும் டேப் ரெக்கார்டரோடு சேர்ந்த பழைய சிடி பிளேயர் இதை மட்டும்தான் பாடும். 1982-இல் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் சிடியைச் சந்தைக்குக் கொண்டு வந்தபோது வைத்த முறை இன்றும் மாறவில்லை. ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, இடது வலது இரண்டுக்கும் எண்ணாகப் பதிகிறது. இதனால் ஒரு சிடியில் 80 நிமிடம்தான் கொள்ளும். அதே பாடல்களை எம்பி3 கோப்புகளாகத் தரவு வட்டில் போட்டால் ஏறத்தாழ 12 மணி நேரம் கொள்ளும். ஆனால் எம்பி3 என்று முகப்பில் எழுதியிருக்கும் பிளேயரில்தான் ஓடும். பிளேயரின் முகப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, வீடியோ டிவிடி. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். செல்போனில் எடுத்த வீடியோ கோப்பை ஒரு வெற்று டிவிடிக்குள் இழுத்துப் போட்டால் அது வீடியோ டிவிடி ஆகிவிடாது. வீடியோ கோப்பு இருக்கிற தரவு வட்டு, அவ்வளவுதான். பிளேயர் எதிர்பார்ப்பது வேறு. படம் எம்பெக்-2 என்ற முறைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு ஏற்ற பால் அளவில், அதாவது 720-க்கு 576 புள்ளிகளில், நொடிக்கு 25 படங்களாக இருக்க வேண்டும். 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறைக்குள் குறிப்பிட்ட பெயர்களில் கோப்புகள் அமைந்திருக்க வேண்டும். இந்த மாற்றம் ஒரு வேலை. அதை வட்டில் பதிவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மென்பொருள் செய்யலாம், வெவ்வேறு மென்பொருள்களும் செய்யலாம். நல்ல தரத்தில் ஒரு மணி நேரப் படமும், பார்க்கக்கூடிய தரத்தில் இரண்டு மணி நேரப் படமும் ஒரு டிவிடியில் அடங்கும்.

நான்காவது, பிம்பக் கோப்பு. ஒரு வட்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாகக் கணினியில் சேமிப்பது. ஐஎஸ்ஓ கோப்பு என்பார்கள். லினக்ஸ் இயங்குதளம் இணையத்தில் இந்த வடிவத்தில்தான் கிடைக்கிறது. இதைச் சாதாரணக் கோப்பு போல வட்டுக்குள் போட்டால் பயனில்லை. பிம்பமாகவே பதியும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும்.

கணினியிலேயே இருப்பது போதுமா?

புதிதாக எதையும் நிறுவுவதற்கு முன் விண்டோஸிலேயே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி சிடி பதியும். டிவிடி பதிய அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். விண்டோஸ் 7 இரண்டையும் பதியும், ஐஎஸ்ஓ பிம்பத்தையும் பதியும். ஒலி சிடி வேண்டுமானால் விண்டோஸ் மீடியா பிளேயரே செய்து தரும். விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியம் பதிப்பிலும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளிலும் டிவிடி மேக்கர் என்ற செயலி உண்டு. புகைப்படங்களையும் வீடியோக்களையும் வீடியோ டிவிடி ஆக்க அது போதும். ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக் பதிப்புகளில் அது கிடையாது. விண்டோஸ் 8-இலும் எடுத்துவிட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 7-இல் வெற்று வட்டைப் போட்டதும் ஒரு கேள்வி கேட்கும். இதை யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி டிவிடி பிளேயரில் பயன்படுத்தப் போகிறீர்களா என்று. முதலில் இருப்பதை அப்படியே ஏற்று அடுத்ததை அழுத்துவது நம் எல்லோருக்கும் பழக்கம். முதல் வகையில் பதிந்த வட்டு அந்தக் கணினியில் நன்றாகத் திறக்கும். பல டிவிடி பிளேயர்களும் பழைய கணினிகளும் அதைப் படிக்காது. அந்த ஈராசிரியர் பள்ளி போன்ற இடங்களில் 'வட்டு இல்லை' என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறருக்குக் கொடுக்கப் போகிற வட்டு என்றால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். அப்போதும் அது தரவு வட்டுதான் என்பதை நினைவில் வையுங்கள். எம்பி3-யும் புகைப்படமும் படிக்கிற பிளேயராக இருந்தால் ஓடும்.

நீரோவும் மற்றவையும்

சிடி பதிவது என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது நீரோ. ஜெர்மனியில் உருவான மென்பொருள். ரோம் நகரம் எரிந்த கதையில் வரும் மன்னன் பெயரையும், சிடியை எரிப்பது என்ற ஆங்கில வழக்கையும் இணைத்து வைத்த பெயர். சிடி ரைட்டர் வாங்கும்போது கூடவே ஒரு நீரோ வட்டும் கொடுத்ததால் ஊரெங்கும் பரவியது. உங்கள் ரைட்டரோடு அப்படி வந்த வட்டு இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது உங்களுக்கு உரியது, வேலையையும் ஒழுங்காகச் செய்யும்.

நம்மில் பலருடைய கணினியில் இருப்பது அதுவல்ல. கணினி பழுது பார்க்க வந்த தம்பி போட்டுக்கொடுத்த 'ஃபுல் வெர்ஷன்'. உரிம எண்ணை உடைத்துத் தருகிற அந்தச் சின்னக் கோப்போடு வைரஸ் வருவது வழக்கம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நாம் கணினியில் என்ன செய்கிறோம் என்பதை மாணவர்கள் கவனிக்கிறார்கள். "சார், இது எங்கே வாங்கினீங்க?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டால், நேராகப் பதில் சொல்ல முடிகிற மென்பொருளே நம்மிடம் இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்குச் சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை ஏராளம் இருக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு?

விண்டோஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

சிடிபர்னர்எக்ஸ்பி. பெயரில் எக்ஸ்பி இருந்தாலும் விண்டோஸ் 7-இலும் இயங்கும். தொடங்கியதும் தரவு வட்டா, ஒலி வட்டா, பிம்பமா என்று வரிசையாகக் கேட்கிறது. நான் சொன்ன முதல் கேள்வியை அதுவே கேட்டுவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன். இது இயங்க டாட்நெட் என்ற துணை மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும். பழைய எக்ஸ்பி கணினியில் அதைத் தனியாக நிறுவ வேண்டி வரலாம்.

இமேஜ்பர்ன். அளவில் சிறியது. பழைய கணினியிலும் தடையின்றி ஓடும். பிம்பம் உருவாக்குவது, பதிவது, பதிந்ததைச் சரிபார்ப்பது ஆகியவற்றில் மிகவும் நம்பகமானது. 'வீடியோ டிஎஸ்' கோப்புறையை முறையான வீடியோ டிவிடியாகப் பதியும். ஒலி சிடி தயாரிப்பது இதில் சுற்றுவழி. அதற்கு வேறு ஒன்றைப் பயன்படுத்துங்கள். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படியுங்கள். வேண்டாத வேறு மென்பொருள்களையும் சேர்த்து நிறுவ அனுமதி கேட்கும் டிக் குறி இருக்கலாம். அதை எடுத்துவிடுங்கள். இலவச மென்பொருள் எதை நிறுவினாலும் இந்தக் கவனம் வேண்டும்.

இன்ஃப்ராரெக்கார்டர். இது கட்டற்ற மென்பொருள். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவச மென்பொருளுக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் அதைப் பிறருக்குக் கொடுக்கலாமா, மாற்றலாமா என்பது அதைச் செய்தவரின் விருப்பம். கட்டற்ற மென்பொருளை நாம் படியெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கலாம். அதன் மூல நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். அந்த உரிமை உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வீடியோ டிவிடியாக மாற்றும் வேலைக்கு டிவிடி ஃபிளிக், டிவிடி ஸ்டைலர் என்று இரண்டு உண்டு. இரண்டும் கட்டற்றவை. செல்போன் வீடியோக்களை வரிசையாகச் சேர்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் டிவிடி ஃபிளிக் மாற்றிக் கொடுத்துவிடும். டிவிடி ஸ்டைலரில் தலைப்புப் பட்டியலும் அழகாக அமைக்கலாம். 'காற்று', 'நீர்', 'தாவரங்கள்' என்று திரையில் பொத்தான்கள் வந்தால், வேண்டிய பாடத்தை ரிமோட்டில் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் பால் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். மாற்றும் வேலைக்குப் பழைய கணினியில் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்குக் கவலையே இல்லை. மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸாக இருந்தாலும் உபுண்டுவாக இருந்தாலும் பிரசெரோ, கே3பி ஆகிய இரண்டில் ஒன்றை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். பிரசெரோ எளிமையானது. கே3பியில் வசதிகள் கூடுதல். இரண்டிலும் தரவு, ஒலி, வீடியோ, பிம்பம் என நான்கு வகையும் உண்டு.

எந்த மென்பொருளிலும் பார்க்க வேண்டியவை

பெயர்கள் மாறலாம். இன்று நான் சொன்னது நாளை வராமல் போகலாம். ஆகவே எந்த மென்பொருளானாலும் நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பதிந்த பின் சரிபார்த்தல். ஆங்கிலத்தில் வெரிஃபை என்றிருக்கும். வட்டில் பதிந்ததை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். பதிய ஆகிற நேரம் அளவுக்கு இதற்கும் ஆகும். விடைத்தாளைத் திருத்திய பின் கூட்டலைச் சரிபார்ப்பது போல்தான் இதுவும். சரிபார்க்கும் வசதி இல்லாத மென்பொருள் வேண்டாம்.

இரண்டு, வட்டை மூடுதல். பதிந்து முடித்ததும் வட்டை மூடினால்தான் பிளேயர்கள் அதைப் படிக்கும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று திறந்தே வைப்பது கணினியில் மட்டும் பயன்படும் வட்டுக்குச் சரி. ஒலி சிடியை இரண்டு தவணையில் பதிந்தால், சாதாரண சிடி பிளேயருக்கு முதல் தவணைதான் தெரியும்.

மூன்று, வேகம். சிடியில் 52எக்ஸ், டிவிடியில் 16எக்ஸ் என்று உறையில் போட்டிருப்பது அதிகபட்ச வேகம். அந்த வேகத்தில்தான் பதிய வேண்டும் என்பதில்லை. சிடிக்கு 16 அல்லது 24, டிவிடிக்கு 8 என்று நடுத்தரமாக வைத்தால் பழைய பிளேயர்களிலும் சிக்கல் குறையும். 8எக்ஸ் வேகத்தில் முழு டிவிடி பதிய எட்டு நிமிடம் போல ஆகும். இந்த நேரம் நமக்கு இருக்கிறது.

நான்கு, தமிழ்ப் பெயர்கள். இது நமக்கே உரிய பிரச்சினை. வட்டுக்கான அடிப்படை முறை ஐஎஸ்ஓ 9660. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே உண்டு. அதோடு ஜோலியட் என்ற விரிவாக்கத்தையும் தேர்ந்தெடுத்தால் யுனிகோடு தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கலாம். பெயர் 64 குறிகளுக்குள் இருக்க வேண்டும். தமிழில் இங்கே கணக்கு வேறு. 'கொக்கு' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு ஆறு. எனவே நீளமான தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். கணினிக்கான வட்டில் தமிழ்ப் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். டிவிடி பிளேயரில் போடும் எம்பி3 வட்டுக்கு ஆங்கில எழுத்திலும் எண்ணிலுமே பெயர் வையுங்கள். பிளேயரின் திரையில் தமிழ் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் பாடல்கள் வரிசை மாறாமல் ஓடும்.

மின்வெட்டுக்கு நடுவே

நம் ஊரில் வட்டு பதிவதைப் பற்றிப் பேசும்போது மின்வெட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பதிந்துகொண்டிருக்கும்போது கணினி கொஞ்சம் தடுமாறினால் சமாளிக்கும் வசதி இன்றைய ரைட்டர்களில் உண்டு. மின்சாரமே நின்றுவிட்டால் அந்த வசதி உதவாது. ஒரு முறை மட்டும் பதியக்கூடிய வட்டு பாழ்தான்.

இதற்கு நான் கடைப்பிடிக்கிற வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது. முதலில் எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ பிம்பமாக வன்தட்டில் சேமித்துவிடுகிறேன். இடையில் மின்சாரம் போனால் நேரம்தான் போகும், வட்டு போகாது. பிறகு மின்சாரம் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து, அந்தப் பிம்பத்தை எட்டு, பத்து நிமிடத்தில் பதிந்துவிடலாம். மடிக்கணினியில் பேட்டரி நிரம்பியிருந்தால் இன்னும் நல்லது. பிம்பம் கையில் இருந்தால் நாற்பது பிரதிகளையும் ஒரே தரத்தில் எடுக்கலாம். அடுத்த ஆண்டு யாராவது கேட்டாலும் கொடுக்கலாம். ஆகவே, பிம்பம் உருவாக்கவும் பதியவும் தெரிந்த மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

வட்டைக் காப்பது

வாங்கும்போது ஒரு முறை பதியும் ஆர் வகையையே வாங்குங்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகை ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்காது. அதை வீட்டில் ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிடியில் தகவல் இருப்பது பளபளப்பான அடிப்பக்கத்தில் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மேல்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அங்கேதான் கீறல் விழும். சிடிக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். காகிதம் ஒட்ட வேண்டாம். ஒரு பக்கம் எடை கூடி வட்டு சுழலும்போது ஆட்டம் காணும். வெயில் படும் சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகளின் குரலும் படமும் உள்ள வட்டு என்றால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். எந்த வட்டும் நிரந்தரம் அல்ல.

இரண்டு கடமைகள்

கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்க 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் இடம் தருகிறது. வகுப்புக்காகத் தந்த சலுகை அது. திரைப்படப் பாடல்களைத் தொகுத்து விற்பதற்கோ ஊருக்கு விநியோகிப்பதற்கோ அதைக் காட்ட முடியாது.

இன்னொன்று, பிள்ளைகளின் படம் உள்ள வட்டை வெளியே கொடுக்குமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். கேட்பது அவர்களுக்கு நாம் தருகிற மரியாதை.

நிறைவாக

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். கணினியில் திறக்கும் வட்டுக்கு விண்டோஸ் 7-இல் உள்ள வசதியே போதும், அந்தக் கேள்விக்கு மட்டும் கவனமாகப் பதில் சொல்லுங்கள். எக்ஸ்பி வைத்திருப்பவர்களும், ஒரே மென்பொருளில் தரவும் ஒலியும் வேண்டும் என்பவர்களும் சிடிபர்னர்எக்ஸ்பியோ இன்ஃப்ராரெக்கார்டரோ போட்டுக்கொள்ளுங்கள். பள்ளி, வீட்டு டிவிடி பிளேயரில் படம் ஓட வேண்டும் என்றால் டிவிடி ஃபிளிக்கில் மாற்றி, இமேஜ்பர்னில் பதியுங்கள். லினக்ஸில் பிரசெரோ அல்லது கே3பி. எதில் பதிந்தாலும் சரிபார்த்து, வகுப்புக்குக் கொண்டு போவதற்கு முந்தின நாளே அந்தப் பள்ளியின் பிளேயரில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு மூன்றாம் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு பள்ளியும் ஒரே ஒரு வட்டு தயாரிக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பத்தி வாசிக்கட்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் முப்பது பிள்ளைகளுக்கு அரை மணி நேரம்தான். அதைப் பதிந்து, பிள்ளைகள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். பள்ளியில் ஒரு பிரதி இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது அதே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். தாங்கள் எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

ஐயங்கள் இருந்தால் தேநீர் இடைவேளையில் கேளுங்கள். என் மடிக்கணினியும் சில வெற்று வட்டுகளும் கொண்டு வந்திருக்கிறேன். சேர்ந்தே பதிந்து பார்ப்போம்.